ஆட்டை முடிய வாங்கோ, அக்கா

சுழிபுரம்
14.04.2024

அன்புள்ள தம்பி கஜன்,

நான் சுகம். நீயும் துஷாந்தியும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும்.

ஐயாவின் அந்தியேட்டிக் கிரியை நேற்றுக் கீரிமலையில் குறையில்லாமல் முடிந்தது. உன்னுடைய இடத்தில் நின்று பெரியப்பாவின் மகன் எல்லாம் செய்தார். கொள்ளி வைத்த அன்று போனை என் முகத்துக்கு முன்னால் பிடித்தார்கள். உன் வாய் அசைந்தது. என்ன சொன்னாய் என்று என் காதில் விழவில்லை. இந்தக் காது போனதில் இருந்து எனக்குப் போன் என்றால் ஊமைப்படம்தான். வட்ஸ்அப்பில் எழுதவும் விரல் வளைய மாட்டேன் என்கிறது. ஆகையால் நீ வழக்கம்போலக் கடிதமே எழுது. வைத்து வைத்து வாசிக்கலாம்.

ஐயா பாரிசவாதத்தில் விழுந்துவிட்டார் என்று 2021 ஒக்டோபரில் ஓடி வந்தேன். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஒரு சின்னப் பெட்டியோடு வந்தது உனக்கும் நினைவிருக்கும். இப்போது ஐயாவும் போய்விட்டார். இனி எனக்கு இங்கே என்ன வேலை? மகள் லக்சிகாவுக்குப் புரட்டாசியில் பிள்ளை பிறக்கும். உன் அத்தானும் உயிரோடு இல்லை. அவளுக்கு இருப்பது நான் ஒருத்தி, எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. ஓகஸ்டில் பிரான்சுக்கு வந்துவிட்டால் ஓல்னேயில் அவளோடேயே கடைசிவரை இருந்துவிடுவேன். ரிக்கற் எப்போது போடலாம் என்று எழுது.

துஷாந்தியின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

அக்கா
கோசலை

*

பொண்டி
11.05.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். துஷாந்திக்கு முதுகு பரவாயில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றேன். முன்னால் ஆட்கள் சாமானோடு காத்துக்கொண்டு நின்றார்கள். போனில் நான் சொன்னது "ஐயா" என்ற ஒரு சொல்தான்.

ஐயாவுக்கு நான் ஒரே ஆண்பிள்ளை. என்னுடைய அகதிப் பயணப் புத்தகத்தில் இலங்கை தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று போட்டிருக்கிறது. ஐயாவின் முற்றத்துக்கு மட்டும் போக முடியாது. இரவில் படுத்தால் அதுதான் நெஞ்சில் நிற்கிறது. கொள்ளியும் நான் வைக்கவில்லை. மாதாமாதம் வரும் மாசியங்களும் வருட முடிவில் ஆட்டைத் திவசமுமாவது அந்த வீட்டில், ஐயா பெற்ற பிள்ளை ஒன்று நின்று நடக்க வேண்டும். நீங்களும் வந்துவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் யாராவது பேருக்குச் செய்வார்கள். எங்கள் ஐயா தில்லையம்பலத்துக்குப் பிள்ளைகள் இருந்தும் இல்லை என்று ஊர் கதைக்கும்.

அதனால் கேட்கிறேன். ஆட்டை முடிய வாங்கோ, அக்கா. உங்கள் பிரான்ஸ் வதிவிடக் காட் 2028 வரைக்கும் இருக்கிறது. பத்து வருடக் காட். பெட்டிக்குள் கிடக்கட்டும், அது எங்கே ஓடிப்போகப் போகிறது?

அன்புத் தம்பி
கஜன்

*

சுழிபுரம்
16.06.2024

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம், முழங்கால்தான் காலையில் எழும்பக் குத்துகிறது.

நீ எழுதியதை வாசித்து அழுதேன். ஐயாவுக்காக நீ கேட்டு நான் இல்லை என்று சொல்வேனா? மாசியத்துக்கு அவருக்குப் பிடித்த முருங்கைக்காய்க் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துப் படைத்தேன்.

ஆனால் இரண்டு விசயம் நீ கேட்டு எழுத வேண்டும். ஒன்று, லக்சிகா. வீடியோவில் வந்து வயிற்றைக் காட்டுகிறாள், சிரிக்கிறாள், பிறகு சிரிக்காமல் ஏதோ நெடுகச் சொல்கிறாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை, அவள் கூப்பிடும் நேரத்தில் கேட்டு எழுதித் தர வீட்டில் ஆளும் இல்லை. அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வர வேண்டுமா என்று அவளிடம் நேரே கேள். வர வேண்டும் என்றால் ஆட்டையைப் பெரியப்பாவின் மகனிடம் விட்டுவிட்டு வருவேன். ஐயா கோபிக்க மாட்டார்.

இரண்டாவது, காட். சுவிஸில் இருந்து வந்து நிற்கிற ஒருவர், "கனகாலம் வெளியில நிண்டால் காட் போயிடும் அக்கா, எனக்கு ஆறு மாதம்தான் கணக்கு" என்று பேப்பரில் எழுதிக் காட்டினார். யாரிடமாவது தெரிந்த ஆளிடம் கேட்டுச் சொல்.

உன் நலம் விரும்பும்
அக்கா

*

பொண்டி
13.07.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நாங்கள் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி ஆள் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

சுவிஸ் ஆளின் கதையைக் காதில் விழுத்தாதேங்கோ. மன்னிக்க வேண்டும், கண்ணில் விழுத்தாதேங்கோ. அது சுவிஸ், இது பிரான்ஸ். அங்கே உள்ள சட்டம் இங்கே இல்லை. இருபது வருடமாக ரூ பெர்தொனேயில் இந்தக் கடையில் நின்று பாரிஸ் லாச்சப்பலில் உள்ள எங்கள் சனம் பாதிக்கு நான்தான் பேப்பர் நிரப்பிக் கொடுக்கிறேன். நிரந்தர வதிவிடம் என்றால் நிரந்தரம்தான். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கடைக்கு வரும் தயாளினி என்ற பிள்ளை மட்டும், "மூண்டு வருசம் தொடர்ந்து வெளியில நிக்கக்கூடாதாம் அண்ணை" என்றாள். அது வேறு காட்டுக்காக இருக்கும். அவள் எதையும் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வருகிறவள். உங்களுக்கு நிம்மதி என்றால் ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டுவிடுகிறேன்.

லக்சிகாவுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மாமியார் கூட இருக்கிறா. மருமகனும் லீவு எடுக்கிறார். நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

மாசியத்தின் படங்களைப் பார்த்தேன். ஐயாவின் படத்துக்கு நீங்கள் போட்ட மாலையைக் கடையில் எல்லோருக்கும் காட்டினேன். எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுதத் தெரியவில்லை.

தம்பி
கஜன்

*

சுழிபுரம்
08.08.2024

அன்புள்ள தம்பி,

நலம். நலந்தானா?

மூன்று வருடம் என்று அந்தப் பிள்ளை சொன்னதாக எழுதியிருக்கிறாய். நான் வந்தது ஒக்டோபர் தொடக்கத்தில். அப்படியென்றால் வருகிற ஒக்டோபரோடு மூன்று வருடம் ஆகிறதே, தம்பி. அவள் அரைகுறையாகக் கேட்டாள் என்றால் முழுசாகக் கேட்டவரிடம் நீ கேள். கேட்டவுடன் எழுது. போகும் என்றால் அடுத்த பிளேனில் வருவேன். அந்தக் காட் எனக்கு வெறும் காட் இல்லை, லக்சிகாவின் வீட்டுக்கதவு.

அவள் வர வேண்டும் என்றாளா, வேண்டாம் என்றாளா? நீ அதற்குப் பதில் எழுதவில்லை. மாமியார் இருக்கிறா என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது மாமியாரைப் பற்றி இல்லை.

அவசரமாக எழுதுகிறேன், தபால்காரர் படலையில் நிற்கிறார்.

அக்கா

*

பொண்டி
28.10.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

இவ்வளவு பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மிருணாளினியின் படங்களை லக்சிகா அப்போதே அனுப்பியிருப்பாள். நல்ல சிவப்பு, மூக்கு அப்படியே ஐயாவின் மூக்கு. நான் தூக்கியபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ஒன்று உங்களுக்கு முதலே எழுதவில்லை. கடைசி நேரத்தில் ஒப்பரேசன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். ரத்தம் கொஞ்சம் கூடப் போய்விட்டது. ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது சுகம், எழும்பி நடக்கிறாள். தூரத்தில் இருந்து நீங்கள் ஏங்குவீர்கள் என்றுதான் மறைத்தேன்.

காட் விசயம்: ஓகஸ்டில் இங்கே ஒரு சட்டத்தரணியும் ஊரில் இல்லை, எல்லோரும் விடுமுறை. பிறகு கடையில் நவராத்திரி, தீபாவளி வியாபாரம், மூச்சுவிட நேரமில்லை. ஆனால் கேட்காமல் விடவில்லை. இருபது, முப்பது வருடம் இங்கே இருக்கிற நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் ஒரே மாதிரி, "தேதி இருக்குமட்டும் காட் இருக்கும், ஏன் பயப்பிடுறியள்" என்றார்கள். அதனால் நிம்மதியாக இருங்கள். இன்னும் கொஞ்ச மாதம்தானே ஆட்டைக்கு.

தம்பி
கஜன்

*

சுழிபுரம்
03.12.2024

தம்பிக்கு,

உடம்பு சுகம்.

என் பிள்ளையின் வயிற்றை வெட்டியதை ஒரு மாதம் கழித்து எழுதுகிறாய். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் கிழமை நான் இங்கே மா இடித்துக்கொண்டு, பேத்தியின் படத்தைக் காட்டி ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துக்கொண்டு நின்றேன். தாய்க்கு விசர் பிடித்துவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள். படத்தில் அவள் முகம் வெளிறி இருந்ததைப் பார்த்து, நித்திரை இல்லை போல என்று நினைத்தேன். எனக்கு உன்னில் கோபம். எழுதாமல் விட்டால் இன்னும் கூடும் என்று எழுதுகிறேன்.

நாலு பேரிடம் கேட்டேன் என்கிறாய். நானும் உன்னை நம்பித்தான் இருக்கிறேன். அங்கே இருந்த காலத்தில் என் பேப்பர் ஒன்றுகூட உன் கை படாமல் போனதில்லை.

ஆட்டை மாசியில் வருகிறது. அது முடிந்த கையோடு ரிக்கற் போடு. இனி ஒருநாளும் நிற்க மாட்டேன். லக்சிகாவுக்குப் பத்தியக் காலம் போய்விட்டது, இருந்தாலும் சரக்குத்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறேன். பிள்ளைக்குத் தொட்டில் சீலைக்கு என் பழைய நூல்சேலை இரண்டைத் தோய்த்து மடித்துவிட்டேன். துஷாந்திக்கு என்ன வேண்டும் என்று கேள்.

அக்கா

*

பொண்டி
22.02.2025

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக வந்து சேர வேண்டும். அதுதான் இப்போது எங்கள் வீட்டில் எல்லோருடைய வேண்டுதலும்.

மார்ச் கடைசிக்கு ரிக்கற் போட்டுவிட்டேன். பெரியப்பாவின் மகனுக்கு அனுப்பியிருக்கிறேன், எடுத்துத் தருவார். ஆட்டையைப் போனில் முழுக்கப் பார்ப்பேன், கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். இந்த ஒரு வருடமும் நீங்கள் எனக்காகச் செய்ததை நான் எந்தப் பிறவியில் தீர்ப்பேனோ தெரியாது.

விமான நிலையத்துக்கு லக்சிகா பிள்ளையோடு வருவாள். நான் கடையில் இருந்து நேரே வருவேன். வெளியே வரும் கதவுக்கு முன்னாலேயே நிற்போம். துஷாந்திக்கு ஒடியல் மாவும் கொஞ்சம் பனங்கட்டியும் போதுமாம்.

காட்டைக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

தம்பி
கஜன்

*

சுழிபுரம்
19.04.2025

தம்பிக்கு,

நான் வந்து சேர்ந்துவிட்டேன். சுழிபுரத்துக்கு.

நீங்கள் கதவுக்கு முன்னால் நின்றிருப்பீர்கள். நான் அதற்கு உள்பக்கத்தில் நின்றேன். பாஸ்போட்டைப் பார்த்த பொடியன் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், சரி என்பதுபோலத் தலையாட்டினான். பிறகு பாஸ்போட்டின் தாள்களைப் புரட்டி, 2021இல் நான் இலங்கையில் வந்து இறங்கிய முத்திரையில் விரலை வைத்தான். அந்த விரல் எழும்பவே இல்லை. பிறகு ஒரு பெண் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம், திருப்பி அனுப்பும்வரை என்னை அங்கேதான் வைத்திருந்தார்கள். யன்னலால் விமானங்கள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், சத்தம் இல்லை. மொழிபெயர்க்க ஒரு பாண்டிச்சேரி அம்மா வந்தா. பெயர் மரி-கிளேர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். கொஞ்சமாவது கேட்கிற என் வலது காதுக்குள் வாயை வைத்துச் சொன்னா: "கார்டுல தேதி இருக்கும்மா. ஆனா மூணு வருஷம் தொடர்ந்து வெளியில இருந்தா அந்தக் கார்டு செல்லாதுன்னு சட்டம். உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

சொன்னார்கள் என்று சொல்லவா, சொல்லவில்லை என்று சொல்லவா?

லக்சிகாவை உள்ளே வந்து பார்க்க விட்டார்கள். பிள்ளையை மடியில் தந்தாள். அது நல்ல நித்திரை. நான் காலைத் தடவினேன், காதைத் தொட்டேன், எழும்பவில்லை. அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். அவள் பேசியதை மரி-கிளேர் என் காதுக்குள் சொன்னா. அதை இதில் எழுதவில்லை.

தொட்டில் சீலையை அவளிடம் கொடுக்க முடிந்தது. பெரிய பெட்டி என் கைக்கு வரவில்லை, இங்கே வந்துதான் கிடைத்தது. துஷாந்தியின் ஒடியல் மாவும் அதற்குள்தான்.

அக்கா

*

பொண்டி
24.05.2025

என் அக்காவுக்கு,

சுகமா என்று எந்த முகத்தோடு கேட்பேன். ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா? நித்திரை வருகிறதா?

கடைசியில் சட்டத்தரணியிடம் போனேன். அன்று போயிருக்க வேண்டிய அதே இடம்தான். கடையில் இருந்து இரண்டு தெரு தள்ளி. அவர் சட்டப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். தேதி எது என்றாலும் தொடர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் காட் காலாவதி. ஆனால் புறப்பட முதலோ, அங்கே இருந்துகொண்டோ, இன்ன காரணத்தால் இன்னும் நிற்க வேண்டியிருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதிக் காலத்தை நீட்டித்தரக் கேட்டிருக்கலாமாம். ஒரு கடிதம், அக்கா. படுக்கையில் கிடக்கும் தகப்பனைப் பார்க்கிறேன் என்று ஒரு கடிதம். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த நான் அதை எழுதவில்லை.

இப்போது நீங்கள் புது ஆள் மாதிரித்தானாம். கொழும்பில் விசாவுக்குப் புதிதாகப் போட வேண்டும். கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை, போட்டுப் பாருங்கள் என்றார்.

அந்த நாலு பேரிலும் ஒருவரிடம் கடையில் வைத்துக் கத்திவிட்டேன். "நான் கேள்விப்பட்டதைத்தானே சொன்னனான்" என்றார். இந்தக் காட்டோடு லண்டனில் போய் வேலை செய்யலாம் என்று சொன்னதும் இதே சனம்தான். அவர்களைச் சொல்லி என்ன, நானும் அந்தச் சனம்தான். இப்போது யாராவது பேப்பர் கொண்டுவந்தால் கண் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

ஆட்டை நன்றாக நடந்தது, அக்கா. அதை நினைத்து ஆறுதல் படப் பார்க்கிறேன். முடியவில்லை. விசாப் பேப்பர்களை இத்தோடு அனுப்புகிறேன்.

உங்கள்
தம்பி

*

சுழிபுரம்
20.09.2025

தம்பி,

உன் கடிதம் கிடைத்துக் கனநாள். விசா சரிவரவில்லை. விசா முடியும்போது ஊருக்குத் திரும்பிப் போவாள் என்று நம்பக் காரணம் இல்லையாம். அவர்கள் சொன்னது சரிதான், நான் திரும்பி வந்திருக்க மாட்டேன்.

லக்சிகா உன்னிடம் சொல்லி அனுப்பியதை நீயாக எழுதுவாய் என்று இவ்வளவு நாளும் பார்த்தேன். சட்டம் எழுதினாய், சட்டத்தரணியை எழுதினாய், அந்த நாலு பேரை எழுதினாய். இதை எழுதவில்லை. ஆகையால், அன்று மரி-கிளேர் என் காதுக்குள் சொன்னபடியே நான் எழுதுகிறேன். "உங்க பொண்ணு ரெண்டு வாட்டி மாமாகிட்ட சொல்லி அனுப்பினாளாம், எனக்குப் பயமா இருக்கு, அம்மாவ வரச் சொல்லி எழுதுங்கன்னு. திவசம் முடியாம அம்மாவால வர முடியாதாம்னு மாமா சொன்னாராம். அம்மாவே அப்படிச் சொல்லிட்டாங்களான்னு இப்ப கேக்குறாம்மா."

நான் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை. உன் கடிதங்களை எடுத்து அடுக்கி வைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். அவள் பயந்தது ஒன்றிலும் இல்லை. இருந்திருந்தால் ஓகஸ்டில் வந்திருப்பேன். காட்டும் இருந்திருக்கும், அவள் கண் முழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நானும் இருந்திருப்பேன்.

நீ ஐயாவுக்காகச் செய்தாய். அது எனக்குத் தெரியும். உன்னால் கொள்ளி வைக்க முடியாமல் போனது என் நெஞ்சிலும்தான் எரிகிறது. ஆனால் ஐயாவை இரண்டரை வருடம் தூக்கி இருத்திச் சோறு தீத்தியவள் நான். அவரை எனக்குத் தெரியும். ஒரு வாய் கதைக்க முடிந்திருந்தால், "போ பிள்ளை, போய் அவளைப் பார்" என்றுதான் சொல்லியிருப்பார்.

நாளைக்குப் பேத்திக்கு முதலாவது பிறந்தநாள். லக்சிகா சனிக்கிழமைகளில் ஓல்னேயில் சின்னப் பிள்ளைகளோடு இருந்து தமிழ் எழுதப் படிக்கிறாளாம். மருமகன் படம் அனுப்பினார், கடைசி வாங்கில் மிருணாளினியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். போன கிழமை அவளுடைய முதல் கடிதம் வந்தது. முழுத் தாளில் ஒரே ஒரு வரி, பெரிய பெரிய எழுத்தில். "அம்மா எப்ப வருவீங்கள்" என்று எழுதியிருக்கிறாள்.

அதற்கு நான் பதில் எழுத வேண்டும். தாளும் பேனையும் எடுத்து வைத்துக்கொண்டு நாலு நாளாக இருக்கிறேன். லாச்சப்பலில் எல்லோருக்கும் நீதானே எழுதிக் கொடுக்கிறாய். என் பிள்ளைக்கு என்ன எழுதுவது என்று சொல்லு.

கோசலை